வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் வேண்டும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஆன்ட்டி வைரஸ் போடலாம்?" என்பதுதான். "அது இருக்கட்டும், உங்கள் கம்ப்யூட்டரில் எத்தனை யூசர் அக்கவுன்ட் இருக்கிறது?" என்று நான் திருப்பிக் கேட்டால் விழிக்கிறார்கள். வாங்கி வந்த நாளில் கம்ப்யூட்டர் பெயர் கேட்டது, கொடுத்தோம். பாஸ்வேர்ட் கேட்டது, அதையும் கொடுத்தோம். அவ்வளவுதான். அந்த ஒரே அக்கவுன்ட்டில்தான் அப்பா பேங்க் வேலை பார்க்கிறார், அக்கா தேர்வுக்கு விண்ணப்பம் போடுகிறார், தம்பி கேம்ஸ் டவுன்லோடு செய்கிறான்.

அலுவலகங்களில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக் கொள்ள சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று ஒருவர் இருப்பார். வீட்டில் அந்த வேலையை யார் பார்ப்பது? சந்தேகமே வேண்டாம், நீங்கள்தான்! பயப்பட வேண்டாம். அவர் செய்யும் நூறு வேலைகளில் நம் வீட்டுக்குத் தேவையானவை மூன்றுதான். அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுன்ட்டைத் தனியாக வைப்பது, பேக்கப்பைத் தனியாக வைப்பது, அப்டேட்டைத் தள்ளிப் போடாமல் இருப்பது. இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்தால் எந்த ஆன்ட்டி வைரஸ் என்ற கேள்வி இரண்டாம் இடத்துக்குப் போய்விடும்.

யார் இந்த அட்மினிஸ்ட்ரேட்டர்?

எனக்குச் சொந்த ஊர் மல்லாங்கிணறு. விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற மானாவாரி பூமி. மழை குறைவு என்பதால் எங்கள் பக்கத்தில் கண்மாய்த் தண்ணீருக்கு மதிப்பு அதிகம். தண்ணீர் எல்லோருக்கும் பொது. ஆனால் கண்மாய் மடையைத் திறப்பதற்கும் அடைப்பதற்கும் நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். தன் வயலுக்குள் எந்தப் பாத்திக்கு முதலில் தண்ணீர் கட்டுவது என்பது வயல்காரர் விருப்பம். மடையில் மட்டும் அவர் கை வைக்க முடியாது.

விண்டோஸிலும் இதே ஏற்பாடுதான். ஸ்டாண்டர்ட் யூசர் என்பவர் வயல்காரர். தன் பைல்களைத் திறக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். இன்டர்நெட் பார்க்கலாம், பிரின்ட் எடுக்கலாம். அட்மினிஸ்ட்ரேட்டர் என்பவர் மடை திறப்பவர். விண்டோஸின் உள்பகுதிகளை மாற்றுவது, எல்லோருக்குமான சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்வது, அடுத்தவர் பைல்களைத் திறப்பது, ஆன்ட்டி வைரஸை நிறுத்துவது எல்லாம் அவருக்கு மட்டுமே முடியும்.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வைத்துக் கொள்ளுங்கள். ஒரு புரோகிராமுக்கு என்று தனி அதிகாரம் எதுவும் கிடையாது. அதை யார் இயக்குகிறாரோ அவருடைய அதிகாரம்தான் அதற்கும் கிடைக்கும். வைரஸுக்கும் இது பொருந்தும். நீங்கள் அட்மினிஸ்ட்ரேட்டராக உட்கார்ந்திருக்கும்போது ஒரு வைரஸுக்கு அனுமதி கொடுத்தால், அதுவும் அட்மினிஸ்ட்ரேட்டர்தான்!

விண்டோஸ் விஸ்டா 2007-ல் வெளிவந்தபோது இதற்காக 'யூசர் அக்கவுன்ட் கன்ட்ரோல்' என்ற வசதியைச் சேர்த்தார்கள். ஏதாவது இன்ஸ்டால் செய்யும்போது திரை மங்கி, இந்த மாற்றத்தை அனுமதிக்கலாமா என்று ஒரு பெட்டி கேட்கிறதே, அதுதான். அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுன்ட்டில் இருந்தால் அது 'யெஸ்' என்ற ஒரு கிளிக்கை மட்டும்தான் கேட்கும். நாமும் படிக்காமல் தட்டிவிடுவோம். ஸ்டாண்டர்ட் அக்கவுன்ட்டில் இருந்தால் அட்மினிஸ்ட்ரேட்டரின் பாஸ்வேர்டைக் கேட்கும். பாஸ்வேர்டை டைப் செய்ய ஆகும் அந்தப் பத்து விநாடியில், "நான் எதற்காக இதை அனுமதிக்கிறேன்?" என்று யோசிக்க நேரம் கிடைக்கிறது.

நான் சாப்ட்வேர் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவன். ஆனாலும் அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் எனக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் கிடையாது. புதிதாக ஒரு சாப்ட்வேர் வேண்டுமென்றால் காரணம் எழுதிக் கேட்க வேண்டும். என் மேல் நம்பிக்கை இல்லாமல் அப்படி வைக்கவில்லை. என் அக்கவுன்ட் ஒருநாள் திருட்டுப் போனால் சேதம் என் மேஜையோடு நிற்க வேண்டும் என்பதற்காகத்தான்.

கூடங்குளமும் டெல்லி எய்ம்ஸும்

பிரித்து வைப்பதால் என்ன பயன் என்பதை இரண்டு நிஜச் சம்பவங்களில் பார்க்கலாம்.

முதலாவது நம் தென்மாவட்டத்திலேயே நடந்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் மால்வேர் புகுந்துவிட்டது என்று 2019 அக்டோபர் இறுதியில் செய்தி பரவியது. அக்டோபர் 30-ம் தேதி இந்திய அணுமின் கழகம் அதை உறுதி செய்து அறிக்கை வெளியிட்டது. செப்டம்பர் 4-ம் தேதியே கம்ப்யூட்டர் பாதுகாப்பு அவசரக் குழுவான 'செர்ட்-இன்' இதைத் தெரிவித்திருந்தது. நிர்வாக வேலைகளுக்காக இன்டர்நெட்டில் இணைக்கப்பட்டிருந்த ஒரு பயனாளரின் கம்ப்யூட்டரில்தான் மால்வேர் இருந்தது. அந்த நெட்வொர்க்கும் நிலையத்தின் முக்கியமான உள் நெட்வொர்க்கும் தனித்தனி என்பதால் நிலையத்தின் இயக்கத்துக்குப் பாதிப்பு இல்லை என்று அறிக்கை சொன்னது. அவ்வளவு பெரிய இடத்திலும் ஒரு கம்ப்யூட்டரில் மால்வேர் புகுந்தது. இடையில் சுவர் இருந்ததால் அங்கேயே நின்றது.

இரண்டாவது டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை. 2022 நவம்பர் 23-ம் தேதி அங்கே ரேன்சம்வேர் தாக்கியது. ரேன்சம்வேர் என்பது நம் பைல்களை நாமே திறக்க முடியாதபடி பூட்டிவிட்டு, சாவிக்குப் பணம் கேட்கும் புரோகிராம். நோயாளிகளின் பதிவு, பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் பல நாட்கள் பேப்பரில் எழுத வேண்டியதாயிற்று. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது, நெட்வொர்க்கைச் சரியாகப் பிரிக்காததே காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பிறகு எப்படி மீண்டார்கள்? பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரில் இருந்து தகவல்களை எடுத்துப் புதிய சர்வர்களில் போட்டார்கள்.

கூடங்குளத்தில் சுவர் காப்பாற்றியது. எய்ம்ஸில் பேக்கப் காப்பாற்றியது. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேண்டும்.

எங்கள் பக்கத்து ஸ்டுடியோவில்

"அதெல்லாம் பெரிய இடம், என் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் 2022-ல் எனக்கு போன் செய்தார். "தம்பி, போட்டோ எதுவுமே ஓப்பன் ஆகலப்பா. எல்லா பைலுக்கும் பின்னாடி என்னமோ நாலு எழுத்து சேர்ந்து நிக்குது" என்றார். ஒவ்வொரு போல்டரிலும் ஒரு சிறிய டெக்ஸ்ட் பைல் இருக்கிறதா பார்க்கச் சொன்னேன். இருந்தது. 980 டாலர் கட்ட வேண்டும், 72 மணி நேரத்துக்குள் கட்டினால் பாதி, 490 டாலர் என்று அதில் எழுதியிருந்தது. 'ஸ்டாப்' என்ற ரேன்சம்வேர் குடும்பத்தின் அடையாளம் இது. திருட்டு சாப்ட்வேர்களின் 'கிராக்' பைல்கள் மூலம் உலகெங்கும் வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பிடித்த கூட்டம் அது.

போட்டோ எடிட்டிங் சாப்ட்வேருக்கு யாரோ கொடுத்த கிராக்கை முந்தின நாள்தான் போட்டிருக்கிறார். "ஆன்ட்டி வைரஸை ஆப் செய்துவிட்டு இயக்கவும்" என்று அதிலேயே எழுதியிருந்ததாம். அப்படியே செய்திருக்கிறார். இருந்தது ஒரே அக்கவுன்ட், அதுவும் அட்மினிஸ்ட்ரேட்டர். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் வைத்திருந்தார். ஆனால் அது எப்போதும் கம்ப்யூட்டரிலேயே செருகியிருந்தது. கம்ப்யூட்டரோடு சேர்த்து அதையும் பூட்டிவிட்டது.

பழைய கல்யாணங்களுக்கு அந்தந்த வீட்டில் கொடுத்த டிவிடி இருந்தது. கடைசியாக எடுத்த கல்யாணம் கேமராவின் மெமரி கார்டில் அழிக்காமல் இருந்தது. இடைப்பட்ட மூன்று விசேஷங்களின் போட்டோக்கள் திரும்பவில்லை. அதில் ஒன்று ஒரு காதுகுத்து விழா. அந்தக் குடும்பத்துப் பாட்டி கடைசியாக எடுத்துக் கொண்ட போட்டோ அதில்தான் இருந்தது. விழா முடிந்து சில வாரங்களில் அவர் இறந்துவிட்டார். கம்ப்யூட்டரை பார்மட் செய்து மீண்டும் விண்டோஸ் போட்டுக் கொள்ளலாம். அந்தப் போட்டோவை எந்தக் கடையில் வாங்குவது?

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்டாண்டர்ட் அக்கவுன்ட்டில் இருந்தாலும் உங்கள் சொந்த பைல்களை ரேன்சம்வேர் பூட்ட முடியும். ஏனென்றால் அவற்றை மாற்றும் உரிமை உங்களுக்கு உண்டு. அக்கவுன்ட்டைப் பிரிப்பதால் விண்டோஸும், ஆன்ட்டி வைரஸும், வீட்டில் மற்றவர்களின் பைல்களும் தப்பும். விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் பழைய பிரதிகளை அழிக்கவும் அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் தேவை என்பதால் அவையும் தப்பலாம். உங்கள் பைல்களுக்கு உறுதியான பாதுகாப்பு, கழற்றி வைத்த பேக்கப்தான். அதனால்தான் இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிறேன்.

அக்கவுன்ட்டைப் பிரிப்பது எப்படி?

நீங்கள் இப்போது பயன்படுத்தும் அக்கவுன்ட்டில்தான் உங்கள் பைல்கள் எல்லாம் இருக்கும். எனவே அதை அப்படியே வைத்துக் கொண்டு, புதிதாக ஒரு அட்மினிஸ்ட்ரேட்டரை உருவாக்குவதுதான் சுலபம்.

1. 'செட்டிங்ஸ்' சென்று 'அக்கவுன்ட்ஸ்' பிரிவைத் திறங்கள். அதில் விண்டோஸ் 11-ல் 'அதர் யூசர்ஸ்', விண்டோஸ் 10-ல் 'பேமிலி அண்ட் அதர் யூசர்ஸ்' என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

2. புதிய அக்கவுன்ட்டைச் சேர்க்கும் பட்டனைக் கிளிக் செய்யுங்கள். இமெயில் முகவரி கேட்டால், அந்த விவரம் இல்லை என்ற வரியைக் கிளிக் செய்து, அடுத்த திரையில் மைக்ரோசாப்ட் அக்கவுன்ட் இல்லாமல் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

3. 'மடை' என்றோ 'வீட்டு அட்மின்' என்றோ பெயர் வையுங்கள். இதுவரை வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்ட் ஒன்றைக் கொடுங்கள். அதைப் பேப்பரில் எழுதி பீரோவில் வைத்துவிடுங்கள். பேப்பரில் எழுதக் கூடாது என்பார்கள். இன்டர்நெட் திருடன் உங்கள் வீட்டு பீரோவைத் திறக்கப் போவதில்லை!

4. புதிய அக்கவுன்ட்டின் மீது கிளிக் செய்து, 'சேஞ்ச் அக்கவுன்ட் டைப்' மூலம் அதை அட்மினிஸ்ட்ரேட்டராக மாற்றுங்கள்.

5. இப்போது சைன் அவுட் செய்து, புதிய அக்கவுன்ட்டில் நுழையுங்கள். பாஸ்வேர்ட் சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

6. அதே இடத்துக்குச் சென்று உங்கள் பழைய அக்கவுன்ட்டை 'ஸ்டாண்டர்ட் யூசர்' ஆக மாற்றுங்கள்.

முடிந்தது. இனி தினசரி வேலைக்குப் பழைய அக்கவுன்ட். இன்ஸ்டால் செய்யும்போது மட்டும் பீரோ பாஸ்வேர்ட். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குத் தனியாக ஸ்டாண்டர்ட் அக்கவுன்ட் கொடுங்கள். பேங்க் வேலை பார்க்கும் அக்கவுன்ட்டும் கேம்ஸ் ஆடும் அக்கவுன்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டாம்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இது புதிதல்ல. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்தான் எங்கள் ஊரில் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர். சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸை விண்டோஸோடு சேர்த்து அவற்றில் கொடுத்தார்கள். லினக்ஸில் ஒரு சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்யப் போனால் பாஸ்வேர்ட் கேட்கும். தொந்தரவு என்று அலுத்துக் கொண்டவர்கள் உண்டு. அந்தத் தொந்தரவுதான் பாதுகாப்பு.

பேக்கப்: எடு, கழற்று, திறந்து பார்

இழந்தால் திரும்பக் கிடைக்காத பைல்களை முதலில் பட்டியல் போடுங்கள். குடும்பப் போட்டோக்கள், பத்திரம், பட்டா, சான்றிதழ் ஸ்கேன்கள், கடைக் கணக்கு. சினிமாவும் பாட்டும் பட்டியலில் வேண்டாம்.

அவற்றை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். காப்பி முடிந்ததும் 'சேப்லி ரிமூவ்' கொடுத்துக் கழற்றி, வேறு அறையில் வையுங்கள். கழற்றாத ஹார்ட் டிஸ்க் பேக்கப் அல்ல, இன்னொரு டிரைவ்தான். கழற்றி வைத்தால் கரண்ட் போய்ப் போய் வரும் ஊர்களில் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தில் இருந்தும் அது தப்பும். மிக முக்கியமானவற்றுக்கு மட்டும் இன்னொரு பிரதியை பென் டிரைவில் போட்டு, உறவினர் வீட்டில் கொடுத்து வைக்கலாம்.

மாதம் ஒருமுறை பேக்கப்பில் இருந்து ஏதாவது மூன்று பைல்களைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.

அப்டேட்: தள்ளிப் போட்டால் என்ன ஆகும்?

2017 மே 12-ம் தேதி 'வான்னாக்ரை' ரேன்சம்வேர் பரவியது. 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் சிக்கின. சென்னையை அடுத்த ஒரகடம் ரெனோ-நிசான் கார் ஆலையும், திருப்பதி தேவஸ்தானத்தின் சில கம்ப்யூட்டர்களும் அதில் அடக்கம். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் 14-ம் தேதியே வெளியிட்டிருந்தது! பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை, அந்த அப்டேட்டைப் போட்டிருக்கக் கூடிய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள்தான். இரண்டு மாதம் தள்ளிப் போட்டதற்குக் கிடைத்த பலன் அது.

அப்டேட் வருவதே நின்றுபோன விண்டோஸ்களும் உண்டு. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்து கொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. செகண்ட் ஹேண்டில் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் ராம் எவ்வளவு என்பதோடு, விண்டோஸ் 11 ஏற்குமா என்பதையும் கேளுங்கள். ஏற்காத பழைய கம்ப்யூட்டராக இருந்தால் உபுண்டு, மின்ட் போன்ற இலவச லினக்ஸ் போட்டுக் கொள்ளலாம். அப்டேட் தொடர்ந்து வரும்.

தினசரிப் பழக்கங்கள்

* ஆன்ட்டி வைரஸை நிறுத்தச் சொல்லும் எந்த சாப்ட்வேரையும் அந்த நிமிடமே அழித்துவிடுங்கள். திருடன்தான் நாயைக் கட்டச் சொல்வான்.

* விண்டோஸோடு வரும் 'டிபெண்டர்' வீட்டு உபயோகத்துக்குப் போதுமானது. இரண்டு ஆன்ட்டி வைரஸ்களை ஒரே நேரத்தில் போட்டால் ஒன்றோடொன்று மோதி வேகம்தான் குறையும்.

* பைலின் முழுப் பெயர் தெரியும்படி வையுங்கள். பைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பகுதியில் 'பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்தால் போதும். பெயரின் நடுவில் 'பிடிஎப்' என்றும் கடைசியில் 'இஎக்ஸ்இ' என்றும் இருந்தால் அது பத்திரிகையும் அல்ல, பில்லும் அல்ல. புரோகிராம்!

* ஜெராக்ஸ் கடையில் செருகி வந்த பென் டிரைவை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். போல்டர் இருந்த இடத்தில் ஷார்ட்கட் இருந்தால் கிளிக் செய்யாதீர்கள். பிரின்ட் எடுக்க ஒரு சிறிய பென் டிரைவைத் தனியாக வைத்துக் கொள்வது நல்லது.

* 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் ரேன்சம்வேர் பாதுகாப்பு என்ற பகுதி இருக்கிறது. அதில் 'கன்ட்ரோல்டு போல்டர் ஆக்சஸ்' என்பதை ஆன் செய்தால், அறிமுகமில்லாத புரோகிராம்கள் உங்கள் டாக்குமென்ட், போட்டோ போல்டர்களில் கை வைக்க முடியாது. நல்ல சாப்ட்வேர் எதையாவது தடுத்தால் அங்கேயே அனுமதி கொடுத்துக் கொள்ளலாம்.

மாட்டிக் கொண்டால்?

பைல்களின் பெயர் மாறுவதைப் பார்த்தால் உடனே இன்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள். பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். மிரட்டல் செய்தியை செல்போனில் படம் எடுங்கள். பணம் கட்டாதீர்கள். கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அவசரப்பட்டு பார்மட் செய்யவும் வேண்டாம். பூட்டப்பட்ட பைல்களை ஒரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' என்ற இணையதளத்தில் பல ரேன்சம்வேர்களுக்கு இலவசச் சாவிகள் இருக்கின்றன. நான் சொன்ன 'ஸ்டாப்' குடும்பத்தின் பழைய வகைகள் பலவற்றுக்கு 2019 அக்டோபரில் இலவசச் சாவி வெளிவந்தது. ஸ்டுடியோ அண்ணனுக்கு வந்தது புதிய வகை, சாவி கிடைக்கவில்லை. இருந்தாலும் அந்த பைல்களை அவர் அழிக்காமல் வைத்திருக்கிறார்.

இத்தகைய மால்வேர்கள் பாஸ்வேர்டுகளையும் திருடும் புரோகிராம்களைக் கூடவே கூட்டி வருவதுண்டு. எனவே வேறொரு கம்ப்யூட்டரில் இருந்து இமெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை உடனே மாற்றுங்கள். பேங்கில் பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்குத் தாமதிக்காமல் போன் செய்யுங்கள்.

உங்கள் வேலை அட்டவணை

இன்று: அக்கவுன்ட்டைப் பிரிப்பது. கால் மணி நேரம் ஆகும்.

வாரம் ஒருமுறை: 'செட்டிங்ஸ்' மெனுவில் 'விண்டோஸ் அப்டேட்' பார்ப்பது. பிறகு பேக்கப் எடுத்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுவது.

மாதம் ஒருமுறை: பேக்கப்பில் மூன்று பைல்களைத் திறந்து பார்ப்பது. தேவையில்லாத சாப்ட்வேர்களை நீக்குவது.

இந்த அட்டவணையைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். சம்பளம் இல்லாத வேலைதான். ஆனால் உங்கள் வீட்டுக்கு வேறு அட்மினிஸ்ட்ரேட்டர் வரப் போவதில்லை. இன்று மாலையே முதல் வேலையை முடித்துவிடுங்கள்.